ஒரு வெள்ளியும் ஒரு நூலகமும்

  

இன்று உங்களோடு பேச எடுத்துக்கொண்ட பொருள் பல்கலைக்கழக நூலகங்களைப் பற்றியது. "நமக்கும் பல்கலைக்கழக நூலகத்துக்கும் என்ன சம்பந்தம் வாத்தியாரே?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. சம்பந்தம் உண்டு. அதை எனக்குச் சொன்னவர் காத்தோங்கில் இருக்கும் என் பெரியப்பா.

காத்தோங் சிங்கப்பூரின் கிழக்குக் கடற்கரைப் பகுதி. செண்பக விநாயகர் கோயில் இருக்கும் சிலோன் சாலை அங்கேதான் இருக்கிறது. இன்று அடுக்குமாடிகளும் கடைவீடுகளும் நிறைந்திருக்கும் அவ்விடத்தில் ஒரு காலத்தில் தென்னந்தோட்டங்கள் இருந்தன. காவல்துறைத் தலைவராக இருந்த தாமஸ் டன்மன் 1871-ல் ஓய்வுபெற்றதும் அங்கிருந்த தம் தென்னந்தோட்டத்துக்கே குடிபோனார். டன்மன் சாலை அவர் பெயரைத் தாங்கியது. கடலும் முன்பு இன்னும் அருகில் இருந்தது. 1960-களில் தொடங்கிக் கடலைத் தூர்த்து, மரின் பரேட் என்ற புதுக் குடியிருப்பை எழுப்பினார்கள். ஜொகூர் ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்த என் பெரியப்பா, வாலிபத்தில் வேலை தேடிப் பாலம் கடந்து போய் அங்கேயே தங்கிவிட்டார். என் அப்பா தோட்டத்திலேயே இருந்துவிட்டார். இப்போது பெரியப்பாவுக்கு எண்பத்தெட்டு வயது.

சென்ற பள்ளி விடுமுறையில் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். நான் ஏதோ ஒரு பழைய நூலைத் தேடிக் கிடைக்காத கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், "தம்பி, அந்த நூலகத்துல நம்ம வெள்ளி ஒண்ணு கிடக்கு, தெரியுமா?" என்றார். தோட்டத்தில் பால்மரம் சீவிக்கொண்டிருந்த என் தாத்தா, 'தமிழ் எங்கள் உயிர்' நிதிக்கு ஒரு வெள்ளி கொடுத்தாராம். அந்த வாரம் வீட்டில் கருவாடு வாங்கவில்லை என்று பாட்டி முணுமுணுத்ததும் பெரியப்பாவுக்கு நினைவிருக்கிறது.

அந்த நிதியின் வரலாற்றைச் சற்று விரித்துச் சொல்கிறேன். மலாயாப் பல்கலைக்கழகம் 1949-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள் சிங்கப்பூரில் தோன்றியது. 1905-ல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியையும், 1929-ல் திறக்கப்பட்ட ராஃபிள்ஸ் கல்லூரியையும் ஒன்றாக்கி அதை அமைத்தார்கள். அப்போது மலாயாவும் சிங்கப்பூரும் நமக்கு ஒரே ஊர் மாதிரி. அப்பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை 1956-ல் தொடங்கியது. துறை வருமுன்னரே ஒரு கேள்வி எழுந்துவிட்டது: அங்கே எம்மொழிக்கு முதலிடம்? வடமொழிக்கா, தமிழுக்கா? இந்நாட்டில் வாழும் இந்தியரில் மிகப் பெரும்பாலோர் தமிழராயிருக்கத் தமிழே வேண்டும் என்று வாதாடியவர் 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி. திருவாரூரில் 1903-ல் பிறந்து, இளைஞராகச் சிங்கப்பூர் வந்து, 1935-ல் 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கியவர் அவர். வெறும் வாதத்தோடு அவர் நிற்கவில்லை. பல்கலைக்கழகத்தில் தமிழ் நிற்க வேண்டுமானால் தமிழ் நூல்கள் வேண்டும், நூல்களுக்குப் பணம் வேண்டும் என்று ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்டார். அந்த அழைப்பின் பெயர்தான் 'தமிழ் எங்கள் உயிர்'. கடைக்காரரும் கொடுத்தார், துறைமுகத் தொழிலாளியும் கொடுத்தார், தோட்டத்து லயத்திலிருந்தும் வெள்ளி போயிற்று. தம் பிள்ளைகள் அந்தப் படியை மிதிப்பார்களா என்பது தெரியாமலே கொடுத்தவர்கள் அவர்களில் பலர்.

இன்னொரு செய்தியையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அதே காலத்தில் சிங்கப்பூரில் பொது நூலகம் எழுப்ப லீ காங் சியான் 1953-ல் 3,75,000 வெள்ளி நன்கொடை தர முன்வந்தார். அவர் ரப்பர் வணிகத்தில் பெருஞ்செல்வர். நூலகம் இலவசமாக இருக்க வேண்டும், உள்ளூர் மக்களின் மொழிகளிலும் நூல்கள் வேண்டும் என்பது அவர் இட்ட நிபந்தனை. அதற்குமுன் ராஃபிள்ஸ் நூலகத்தில் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போகச் சந்தா கட்ட வேண்டியிருந்தது. ஸ்டாம்ஃபர்டு சாலையில் 1960-ல் திறந்த தேசிய நூலகக் கட்டடத்துக்கு வித்திட்டது அப்பணம். ஆக, பெருவணிகர் கொடுத்ததும் ரப்பர்ப் பணம், என் தாத்தா கொடுத்த ஒரு வெள்ளியும் ரப்பர்ப் பணம். இரண்டும் மரத்தில் வடிந்த பாலிலிருந்து வந்தவையே.

பிறகு நடந்ததுதான் இன்றைய பேச்சுக்கு மையம். இந்திய இயல் துறை கோலாலம்பூருக்கு மாறியது. 1962-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் பல்கலைக்கழகமே இரண்டாயிற்று: கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம், சிங்கப்பூரில் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகம். கோலாலம்பூர்த் துறைக்குத் தனிநாயக அடிகள் 1961-ல் தலைவராக வந்தார். 1966-ல் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டை அந்நகரிலேயே கூட்டினார். தமிழாராய்ச்சிக்கு எந்தெந்த நூல்கள் உண்டு என்று காட்டும் வழிகாட்டி நூல் ஒன்றும் அதே ஆண்டில் அவர் பெயரில் அங்கே வெளிவந்தது. தமிழ் நூல் தொகுதி கோலாலம்பூரில் வளர்ந்தது. அது முறைதான் என்பது என் எண்ணம். ஆசிரியரும் மாணவரும் எங்கே இருக்கிறார்களோ அங்கேதானே நூல் இருக்க வேண்டும்? ஆனால் காத்தோங்கில் இருக்கும் என் பெரியப்பா போன்றவருக்கு நூல் பாலத்துக்கு அப்பால் போய்விட்டது. 1965-க்குப் பிறகு பாலத்துக்கு அப்பால் என்பது வேறு நாடு.

நூல் தூரத்தில் இருப்பது பெரிய குறை அன்று. அது தூரத்தில் இருக்கிறது என்பதே தெரியாமல் போவதுதான் குறை. எந்த நூல் எந்த நூலகத்தில் எந்த அலமாரியில் என்று சொல்வது பட்டியல். நம் தோட்டத்துக் கிராணியாரின் செக்ரோல் போன்றது அது. செக்ரோலில் பெயர் ஏறாதவன் நாள் முழுதும் வேலை செய்தாலும் சம்பளம் இல்லை அல்லவா? பட்டியலில் ஏறாத நூலும் அப்படியே. அலமாரியில் இருக்கும், ஆனால் யார் கைக்கும் வராது.

பட்டியல் போடுவது எளிய வேலை என்று நான் முன்பு நினைத்திருந்தேன். ஆசிரியர் பெயர், நூலின் பெயர், பதிப்பகம், ஆண்டு, பக்கம், பொருள், அலமாரி எண் எல்லாவற்றையும் படித்தறிந்த ஒருவர் நூலைப் புரட்டிப் பார்த்து எழுத வேண்டும். நூலின் விலையைக் காட்டிலும் அதைப் பட்டியலில் ஏற்றும் கூலி அதிகமாகிவிடுவதும் உண்டு. பத்து நூலகங்கள் ஒரே நூலை வாங்கினால், பத்து இடத்தில் பத்துப் பேர் உட்கார்ந்து அதே வேலையைச் செய்ய வேண்டும். பத்துச் சிறுதோட்டக்காரர்கள் ஆளுக்கொரு புகைக்கொட்டகை கட்டித் தத்தம் ரப்பர் ஷீட்டைக் காயவைத்தால் எவ்வளவு விறகு வீணாகும்! ஒரே கொட்டகைக்குக் கொண்டுபோனால் போதாதா?

இந்த எண்ணம் நூலகத்தாருக்கும் வந்தது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 1901 முதல் தான் எழுதிய பட்டியல் அட்டைகளை அச்சிட்டு மற்ற நூலகங்களுக்கு விற்றது. அந்நாட்டு ஒகையோ மாநிலத்தில் 1967-ல் 54 கல்லூரி நூலகங்கள் ஒன்றுசேர்ந்து கூட்டுச் சங்கம் ஒன்றை அமைத்தன. ஃபிரெடரிக் கில்கோர் என்பவர் அதன் தலைமையில் இருந்தார். ஒருவர் ஒரு நூலை ஒருமுறை கணிப்பொறியில் பட்டியலிட்டால் போதும், மற்றவர் அதையே எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர் திட்டம். 1971 ஆகஸ்டு 26-ல் ஒகையோ பல்கலைக்கழக நூலகத்தில் முதன்முதலாகத் தொலைபேசிக் கம்பி வழியே அவ்வாறு பட்டியலிட்டார்கள். அந்நூலகம் முதலாண்டிலேயே முன்னைவிட அதிக நூல்களைப் பட்டியலில் ஏற்றியது. கூடவே 17 பணியிடங்கள் குறைந்தன. சிக்கனம் என்ற சொல்லைக் கேட்டதும் அதற்குள் யாருடைய சம்பளம் இருக்கிறது என்று பார்ப்பது தோட்டத்தில் வளர்ந்தவன் வழக்கம். அதனால்தான் இந்தப் பதினேழைச் சொன்னேன்.

நம் பக்கத்துக்கு வருவோம். மலேசியாவில் 1978-ல் 'மால்மார்க்' என்ற கூட்டுத் திட்டம் தொடங்கியது. பல்கலைக்கழக நூலகங்களும் தேசிய நூலகமும் சேர்ந்த அத்திட்டத்தின் கணிப்பொறி பினாங்கிலுள்ள அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கியது. ஒவ்வொரு நூலகமும் தன் பட்டியலை அங்கே அனுப்பும். எல்லாவற்றையும் ஒன்றாக்கி உள்ளங்கை அளவுள்ள படச்சுருள் தகடுகளில் பொடி எழுத்தாகப் பதிந்து திருப்பி அனுப்புவார்கள். அதைப் பூதக்கண்ணாடி போன்ற கருவியில் வைத்துப் பார்த்தால், கோலாலம்பூரில் உட்கார்ந்தபடியே பினாங்கில் உள்ள நூல் தெரியும். சிங்கப்பூரிலோ, 1980-ல் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகமும் நன்யாங் பல்கலைக்கழகமும் இணைந்து சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் ஆயின. 1987-ல் தேசிய நூலகத்தின் பொறுப்பில் 'சிலாஸ்' என்ற கூட்டுப் பட்டியல் முறை இயங்கத் தொடங்கியது. அதற்கான கணிப்பொறி நிரல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில நூலகங்கள் தமக்கென்று உருவாக்கியது. பிறர் கட்டிய கொட்டகையை வாங்கிக்கொண்டார்கள் என்று சொல்லலாம்.

இத்தனையும் நடந்தும் தமிழ் நூல் மட்டும் ஏன் எளிதில் அகப்படவில்லை? நேயர்களே, இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. அக்காலக் கணிப்பொறிக்குத் தமிழெழுத்து தெரியாது. ஆகவே தமிழ் நூலின் பெயரை ஆங்கில எழுத்தில் மாற்றி எழுத ஒரு முறை வகுத்தார்கள். அறிஞர்களுக்கு அது திருத்தமான முறைதான். ஆனால் அதன்படி 'ச' என்ற தமிழெழுத்து எங்கே வந்தாலும் ஆங்கிலத்தின் மூன்றாம் எழுத்தாகிய 'சி' என்பதால்தான் குறிக்கப்படும். சாரங்கபாணியை நாம் 'எஸ்' எழுத்தில் தேடுவோம். பட்டியலில் அவர் 'சி' எழுத்தில் இருப்பார். சிங்கப்பூரும் அப்படியே. 'ழ'கரத்துக்கு 'எல்' எழுத்தின் கீழ் ஒரு கோடு, 'ளகரத்துக்கு அதன் கீழ் ஒரு புள்ளி. போதாக்குறைக்கு நம் பெயர்களின் முன்னெழுத்து வேறு. மு. வரதராசனாரை 'மு'வில் வைப்பதா, 'வ'வில் வைப்பதா? 'வ'வில் என்பது நூலகத்தார் விதி. விதி தெரிந்தவருக்குச் சரி. தமிழ் நன்றாகத் தெரிந்த ஒருவர், தமிழ் நூலைத் தேடிப் போய், தமிழ் தெரிந்த காரணத்தாலேயே கண்டுபிடிக்க முடியாமல் திரும்பும் விந்தை இதனால் நேர்ந்தது. நானும் திரும்பியவன்தான். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்த நாளில் தோட்டப் பள்ளிகளின் வரலாற்றைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. ஒரு நூலகத்தில் கேட்டேன். தமிழ் நூல்கள் பல பெட்டிகளில் கட்டிக் கிடக்கின்றன, தமிழ் படிக்கத் தெரிந்த ஊழியர் வேலையை விட்டுப் போன பிறகு பட்டியல் போட ஆளில்லை என்றார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஓர் ஊழியரின் மாதச் சம்பளம் இல்லாததால் நூற்றுக்கணக்கான நூல்கள் இல்லாதவை ஆகிவிட்டன, அவ்வளவுதான். கட்டுரையை வேறு தலைப்பில் எழுதிக் கொடுத்தேன். கணிப்பொறிகளுக்குப் பொதுவான ஒருங்குறியில் தமிழெழுத்து 1991-ல் இடம்பெற்றது. பட்டியல்களில் தமிழ் தமிழாகவே தெரியத் தொடங்கியது அதற்கும் பிறகுதான். பழைய பதிவுகள் பல இன்னும் ஆங்கில எழுத்திலேயே இருப்பதால், மேலே சொன்ன 'சி' எழுத்துச் சூட்சுமத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் நூல்கள் உலகெங்கும் சிதறிக் கிடப்பதும் ஒரு தனிக்கதை. 1886-ல் வந்த ஒரு சட்டத்தின்படி, நீரிணைக் குடியேற்றங்களில் அச்சிடும் நூல்களை அரசிடம் பதிந்து படிகள் கொடுக்க வேண்டும். அவற்றில் ஒரு படி இலண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கப்பலேறும். யாழ்ப்பாணத்துச் சதாசிவ பண்டிதரின் 'சிங்கை நகர் அந்தாதி' 1887-ல் சிங்கப்பூரில் அச்சானது. அதைப் போன்ற அக்காலச் சிங்கப்பூர்த் தமிழ் நூல்களை இங்கே காண, இலண்டனில் காத்து வைத்த படிகளிலிருந்து எடுத்த நகல்களே சிங்கப்பூர்த் தேசிய நூலகத்துக்கு உதவின. ஆள வந்தவன் போட்ட சட்டம் என்றாலும், படி பிழைத்தது அதனால்தான். அமெரிக்காவுக்குத் தமிழ் நூல் போன வழியோ கோதுமை வழி! 1954-ல் வந்த 480-ஆம் எண் சட்டத்தின்கீழ் அமெரிக்கா இந்தியாவுக்குக் கோதுமை விற்று, விலையை ரூபாயாகவே பெற்றுக்கொண்டது. அந்த ரூபாயில் ஒரு பங்கைக் கொண்டு, 1962 முதல் புதுதில்லி அலுவலகம் ஒன்றின் வழியாகத் தமிழ் நூல்களும் வாங்கப்பட்டுப் பல அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்களுக்குப் பகிர்ந்து அனுப்பப்பட்டன. தமிழ்நாட்டுச் சிற்றூரில் நூறு பேர் படித்து மறந்த கதைப்புத்தகம் சிகாகோ அலமாரியில் இருப்பது இப்படித்தான்.

அதே சிகாகோ பல்கலைக்கழகம் பிறகு செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர் தம் வாழ்நாளெல்லாம் பழைய நூல்களும் இதழ்களும் சேர்த்தார். அவர் 1992-ல் மறைந்த பின் அத்தொகுதியைச் சிகாகோ பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கியது. வாங்கியும் அதைக் கப்பலேற்றவில்லை. சென்னையிலேயே வைத்து, 1994-ல் நூலகமாக அமைத்து, நூல்களைப் படச்சுருளில் பதிவு செய்ய உதவியது. மூலம் நம்மிடம், நகல் அவர்களிடம். ஒரே இடத்தில் ஒரே படி இருந்தால் என்ன ஆகும் என்பதை 1981 ஜூன் தொடக்கத்து இரவு யாழ்ப்பாணம் காட்டியது. பொது நூலகம் எரிக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. காத்தோங் சிலோன் சாலைக் கோயிலுக்கு வரும் யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் சிலர் இன்றும் அப்பேச்சை எடுத்தால் சற்று நேரம் மௌனமாகிவிடுகிறார்கள் என்று பெரியப்பா சொன்னார்.

சரி, இதற்கெல்லாம் பணம் யார் கொடுப்பது? 1970-களில் அமெரிக்காவிலிருந்த 'டயலாக்' போன்ற நிலையங்களில் கணிப்பொறி வழியே செய்தி தேட, இணைந்திருக்கும் நேரத்துக்குக் கட்டணம் கொடுக்க வேண்டும். தேடுகிறவர் தயங்கித் தயங்கி யோசித்தால், யோசித்த நிமிடத்துக்கும் காசு! அதனால் என்ன கேட்பது என்பதைத் தாளில் எழுதி முடித்துவிட்டுத்தான் நூலகர் கம்பியை இணைப்பார். கருவிகள் மலிந்தபின் தேடும் செலவு குறைந்தது. ஆனால் ஆராய்ச்சி இதழ்களின் சந்தா ஏறிக்கொண்டே போயிற்று. தனித்தனியே வாங்க முடியாமல் நூலகங்கள் கூட்டாக விலை பேசத் தொடங்கின. இந்திய அரசு 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் அவ்வகையில் மிகப் பெரியது. உலகின் 30 பதிப்பகங்களுடைய ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை அரசு உயர்கல்வி நிலையங்கள் எல்லாம் படிக்க மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். கூட்டாகப் பேசியும் இவ்வளவு. அந்த இதழ்களில் எழுதுகிற பேராசிரியர்களுக்குப் பதிப்பகம் கூலி கொடுப்பதில்லை என்பதையும் சேர்த்து நினைத்தால், பால் சீவியவனே ரப்பர் ஷீட்டை விலை கொடுத்து வாங்குவது போலத் தோன்றுகிறது.

உழைப்பால் நடந்த காரியமும் ஒன்று உண்டு. சிங்கப்பூர் விடுதலையடைந்து ஐம்பதாண்டு நிறைந்த 2015-ல், 1965 முதல் வெளிவந்த சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்கள் சுமார் 350-ஐ மின்பதிவாக்கித் தேசிய நூலகத்தின் வழியே எவரும் இலவசமாகப் படிக்க வைத்தார்கள். அருண் மகிழ்நன் முன்னின்ற தமிழார்வலர் குழு ஒன்று தேசிய நூலக வாரியத்தோடு சேர்ந்து செய்த பணி அது. நூல்களைத் தேடிச் சேர்ப்பதும், எழுத்தாளரிடமோ அவர் குடும்பத்தாரிடமோ அனுமதி பெறுவதும், வடித்த எழுத்தில் பிழை திருத்துவதும் தொண்டர்களாக வந்தவர்கள் கைவேலை. பழைய 'தமிழ் முரசு' இதழ்களையும் அந்நூலகத்தின் இணையப் பக்கத்தில் தேடலாம்.

பெரியப்பாவின் பேத்தி தன் கைப்பேசியில் அதைத் திறந்து கொடுத்தாள். அவர் எழுத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "இதெல்லாம் சரி தம்பி. எங்க அப்பா குடுத்த வெள்ளிக்கு வாங்குன புத்தகம் கோலாலம்பூர்லதானே இருக்கு? அதைத் தொட்டுப் பார்க்க விடுவாங்களா?" என்று கேட்டார்.

பல்கலைக்கழக நூலகங்களில் வெளியாரும் முன்கூட்டி எழுதிக் கேட்டு, அனுமதியோ தற்காலிக உறுப்பினர் அட்டையோ பெற்று உள்ளே போகும் வழக்கம் உண்டு. பார்க்க வேண்டிய நூல்களின் பெயரையும் அலமாரி எண்ணையும் பட்டியலில் பார்த்துக் குறித்துக்கொண்டு போனால் நேரம் மிச்சமாகும். அன்றிரவே நானும் பேத்தியும் உட்கார்ந்து, 'எஸ்' எழுத்தை விட்டுவிட்டு 'சி' எழுத்தில் தேடி, ஒரு பக்கம் நிறைய எண்களை எழுதினோம். வருகிற பள்ளி விடுமுறையில் பெரியப்பாவைக் கோலாலம்பூருக்கு அழைத்துப் போவதாகப் பேச்சு. பாஸ்போர்ட்டையும் மூக்குக்கண்ணாடியையும் பெரியம்மா இப்போதே ஒரே பையில் எடுத்து வைத்துவிட்டார்.